பாரசீகம் கிறிஸ்தவ நாடாகியிருந்தால்: கதையை 337இல் அல்ல, 488இல் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய பாரசீகம் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியிருந்தால் உலகம் எப்படிப் போயிருக்கும் என்ற கற்பனை வரலாற்றுக் கட்டுரை தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கடிதம் எழுதுகிறார், பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர் மனம் மாறி ஞானஸ்நானம் பெறுகிறார், அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி என்று நாடே மாறிவிடுகிறது, இரண்டு பேரரசுகளும் சகோதரர்களாகிப் போர் ஒழிகிறது. கதை இவ்வளவுதான். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்து மாணவர்கள் பலர் இதைப் படித்துவிட்டுத் தாங்களும் இப்படி எழுதிப் பார்க்கிறார்கள். அது மிகவும் நல்லது. ஆனால் நடக்காத வரலாற்றை எழுத வேண்டுமானால் நடந்ததை முதலில் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டுரை தொடங்கும் இடமே தவறு என்பதால் இதை எழுதுகிறோம்.

கான்ஸ்டன்டைனின் கடிதம் உண்மையில் இருந்தது. யூசிபியஸ் எழுதிய கான்ஸ்டன்டைன் வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. அந்தக் கடிதம் ஷாபூரை மதம் மாறச் சொல்லவில்லை. உங்கள் நாட்டிலுள்ள கிறிஸ்தவர்களைக் காப்பாற்றுங்கள் என்கிறது. பாரசீகத் தலைநகரான டெசிபோன் அரண்மனையிலிருந்து பார்த்தால், எல்லைக்கு அப்பால் படையோடு நிற்கும் பகைவன் உங்கள் குடிமக்களில் ஒரு பகுதியினர் என் பொறுப்பு என்று சொல்வதாகத்தானே படும்? 337இல் கான்ஸ்டன்டைன் பாரசீகத்தின் மேல் படையெடுக்க ஆயத்தமானார். ஆயர்களைக் கூட்டிப்போகவும், தேவாலயம் போலவே ஒரு கூடாரத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகவும் ஏற்பாடு நடந்தது. அவர் இறந்ததால் படை புறப்படவில்லை. அதே ஆண்டில், பாரசீக எல்லைக்குள்ளேயே வாழ்ந்த ஆப்ரகாத் என்ற சுரியானி கிறிஸ்தவ அறிஞர், ரோமை வெல்ல முடியாது என்ற பொருள்பட எழுதிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் ஷாபூர் கிறிஸ்தவர்கள் இரட்டிப்புத் தலைவரி கட்ட வேண்டும் என்றார். அதை வசூலித்துத் தர மறுத்த தலைமை ஆயர் சீமோன் பார் சபாயே 340களில் குருமார் பலரோடு கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் கொல்லப்பட்டதில் அந்தப் பீடம் பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தது. ரோமின் மதம் என்ற முத்திரை இருந்தவரை எந்தப் பாரசீக மன்னராலும் அதைத் தழுவியிருக்க முடியாது. தழுவினால், பகைவனிடம் சரணடைந்தவர் என்றே எண்ணப்பட்டிருப்பார்.

நல்ல மனமுள்ள ஓர் அரசர் வந்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 399இல் அரியணையேறிய முதலாம் யஸ்தெகெர்து கிறிஸ்தவர்களிடம் அன்பு காட்டியவர். அவருடைய ஆணையின்பேரில்தான் 410இல் செலூக்கியா-டெசிபோனில் ஆயர்கள் கூடினார்கள். ரோமப் பேரரசின் சபைகள் ஏற்றிருந்த நிசேயா விசுவாச அறிக்கையை ஏற்றார்கள். ஐந்து பெருநகரப் பேராயங்களையும் அவற்றுக்கு மேல் ஒரு தலைமைப் பீடத்தையும் வகுத்தார்கள். ஆனால் அந்த ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், பாரசீகரின் பழைய மதமான சொராஸ்திரியத்தின் நெருப்பாலயம் ஒன்று இடிக்கப்பட்டது. மன்னர் அப்தா என்ற ஆயரைக் கூப்பிட்டு, திரும்பக் கட்டிக்கொடு என்றார். ஆயர் மறுத்தார், தலை போனது. மன்னர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் யாரும் அரியணை ஏறக் கூடாது என்று பிரபுக்கள் முயன்றார்கள். பாரசீக மரபு அவருக்கு வைத்த பெயர் பாவி. அரசன் ஒருவன் மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அளவுகோல் இவர்தான்.

தடை மன்னரின் மனத்தில் இல்லை, நிலத்திலும் நீதிமன்றத்திலும் இருந்தது. கட்டுரையில் இது ஒரு வரி கூட இல்லை. அப்போது பாரசீகத்தை ஆண்ட அரச வம்சமான சாசானியர் ஆட்சியில் மோபத் எனப்படும் நெருப்புப் பூசாரி ஆலயத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்பவர் மட்டும் அல்ல. அவர்தான் நீதிபதி, சொத்துப் பத்திரத்தில் முத்திரை வைப்பவர். அகழாய்வில் கிடைத்த களிமண் முத்திரைகளில் மாகாண மோபதுகளின் முத்திரைகள் நிறைய உண்டு. ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவனுக்குப் பதில் வாரிசை உண்டாக்கும் சட்டம், விதவையின் பங்கு, அடமானம், ஜாமீன் என்று எல்லாமே அவர்கள் கையில். நெருப்பாலயங்களோ வெறும் வழிபாட்டிடங்கள் அல்ல. ஒரு பிரபு தன் ஆன்மாவுக்காக ஒரு நெருப்பை நிறுவி நிலத்தை எழுதி வைப்பார். அறங்காவலராக அவருடைய குடும்பமே தலைமுறை தலைமுறையாக இருக்கும். மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் ஷாபூர் தன் பெயரிலும் மகள் பெயரிலும் மகன்கள் பெயரிலும் நெருப்புகள் நிறுவியதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். ஒவ்வோர் ஆன்மாவுக்கும் நாள்தோறும் ஒரு ஆட்டுக்குட்டி, அளந்த ரொட்டி, நான்கு பாஸ் (அக்கால முகத்தல் அளவு) திராட்சை மது என்று கணக்கும் உண்டு. நம் கோயில் சுவர்களில் நந்தா விளக்குக்கு விட்ட சாவா மூவாப் பேராடு 96 என்று படிக்கிறோமே, அதைப் போன்ற ஏற்பாடுதான். அந்த விளக்கை அணைத்தால் ஆட்டுக்குப் பொறுப்பேற்ற மன்றாடி முதல் நிலத்தை வைத்திருக்கும் ஊர்ச்சபை வரை எத்தனை பேர் கணக்கு அறுந்துபோகும்! பாரசீகத்தில் ஒரே ஆணையில் நெருப்பை அணைப்பது என்றால், ஏழு பெருங்குடும்பங்களின் சொத்துரிமையை ஒரே நாளில் செல்லாமல் ஆக்குவது. சூரேன், காரேன், மிஹ்ரான் குடும்பங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்குமா?

ஆகவே கற்பனைக் கதைக்குத் தேவையானவை மூன்று. ரோமோடு தொடர்பறுந்த ஒரு திருச்சபை வேண்டும். குடும்பமும் பிள்ளையும் கடமை என்று நம்பும் பாரசீகனுக்கு அருவருப்பாகாத குருமார் வேண்டும். மோபதுகளையும் பிரபுக்களையும் பகைத்துக்கொள்ளத் துணிந்த ஒரு மன்னர் வேண்டும். இவை மூன்றும் ஒன்றுகூடிய காலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முதலாம் கவாத் அரியணையேறிய 488ஐ ஒட்டிய ஆண்டுகள்.

திருச்சபையின் நிலையைப் பாருங்கள். 424இல் கூடிய ஆயர் சங்கம், இனி எங்கள் வழக்குகளை மேற்கத்திய ஆயர்களிடம் மேல்முறையீடாகக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தது. 431இல் ரோமப் பேரரசின் எபேசு சங்கம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பிரித்துச் சொன்ன கான்ஸ்டான்டிநோபிள் தலைமை ஆயர் நெஸ்தோரியஸைத் தள்ளி வைத்தது. பாரசீகச் சபை மெல்ல மெல்ல அந்தப் பக்கத்து இறையியலோடு நின்றது. 486இல் அக்காக்கியஸ் தலைமையில் கூடிய சங்கம் அதை எழுத்தில் வைத்து, குருமார் மணம் செய்துகொள்ளவும் இடம் கொடுத்தது. 497இல் தலைமை ஆயரே மணம் முடிக்கலாம் என்று ஆனது. 489இல் ரோமப் பேரரசர் சீனோ எடெசா நகரத்து இறையியல் பள்ளியை மூடியபின் அந்தப் பாரம்பரியம் முழுக்கப் பாரசீக எல்லைக்குள் இருந்த நிசிபிஸில் தங்கியது. அந்தப் பள்ளிக்கு 496இலேயே எழுதப்பட்ட விதிமுறைகள் இருந்தன. 337இல் ரோமின் ஒற்றர்களாகப் பார்க்கப்பட்டவர்கள், 489இல் ரோம் விரட்டிவிட்டவர்களாக வந்து நிற்கிறார்கள். எந்த மன்னருக்கும் இதைவிட வசதியான சபை கிடைக்காது.

மன்னரின் நிலையோ பரிதாபம். கவாதின் தந்தை பெரோஸ் ஹெப்தலைட்டுகளிடம், அதாவது வெள்ளை ஹூணர்களிடம், தோற்றுப் பிணைத்தொகையாக முப்பது கோவேறு கழுதைச் சுமை வெள்ளிக் காசு தருவதாக ஒப்புக்கொண்டார். இருபது சுமைதான் தேறியது. மீதிக்கு மகன் கவாதைப் பணயமாக விட்டார். 484இல் பெரோஸ் படையோடு மாண்டார். கஜானா காலி, பஞ்சம் வேறு; நாட்டை நடத்தியவர்கள் பிரபுக்கள். இந்த நிலையில்தான் கவாத் நடந்த வரலாற்றிலேயே மோபதுகளை உதறிவிட்டு, சொத்தையும் பெருங்குடும்பங்களின் அந்தப்புரங்களையும் பகிர்ந்து கொடுக்கச் சொன்ன மஸ்தக் என்ற சமயச் சீர்திருத்தக்காரரின் பக்கம் சாய்ந்தார். அதற்காக 496இல் அரியணை பறிபோய்ச் சிறைபட்டார். தப்பி ஹெப்தலைட்டுகளிடம் போய், அவர்கள் படையோடு 499வாக்கில் திரும்பினார். மஸ்தக்கின் இடத்தில் நிசிபிஸ் பள்ளியை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மாற்றம். மற்ற ஆட்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நல்ல கற்பனை வரலாறு இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி எழுதுபவர் கவனிக்க வேண்டியது, எதை எப்போது மாற்றுவது என்ற வரிசை. கவாத் முதலில் ஞானஸ்நானம் பெறக் கூடாது. கான்ஸ்டன்டைனே 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார். 496க்கு முன் மதத்தில் கை வைத்தால் மஸ்தக்குக்காக நடந்தது சபைக்காகவும் நடக்கும், அரியணை போகும். அவர் ஹூணர் படையோடு திரும்பிய பிறகு, தன்னைக் கவிழ்த்தவர்களைத் தண்டிக்கும் சாக்கில் தொடங்குவதே பொருந்தும். அப்போதும் முதலில் தொட வேண்டியது ஆலயம் அல்ல, நீதிமன்றம். ஆயர்கள் வழக்கு விசாரிக்கலாம் என்று கான்ஸ்டன்டைன் அனுமதித்தது போல ஓர் ஆணை வர வேண்டும்.

இந்த இடத்தில் பெரும் சிக்கல் ஒன்று உண்டு. சபையிடம் அப்போது சொத்துச் சட்டப் புத்தகமே இல்லை. பாரசீகத்தில் நெருங்கிய உறவுக்குள் மணப்பது புண்ணியம். மதம் மாறிய குடும்பங்களும் அண்ணன் மனைவியை, தந்தையின் இளம் விதவையை மணப்பதை விடவில்லை. நெருப்பு வழிபாட்டுக் குடும்பத்திலிருந்து வந்து தலைமை ஆயரான மார் ஆபா, 540களில் இதை எதிர்த்து விதிகள் எழுத வேண்டி வந்தது. வாரிசுரிமையையும் கடனையும் முறையாகச் சொல்லும் நூலை ரேவ் அர்தஷீர் நகரத்துப் பேராயர் ஈசோபோக்த் பாரசீக மொழியில் எழுதியது எட்டாம் நூற்றாண்டில்தான். அதற்குள் சாசானியப் பேரரசே மறைந்து நூறாண்டு ஆகியிருந்தது. கதையில் இந்த நூல் 250 ஆண்டு முன்பே பிறக்க வேண்டும். நிசிபிஸ் பள்ளியில் வேதத்தோடு சட்டமும் நடத்தும் ஓர் ஆசிரியரை எழுத்தாளர் படைத்தே ஆக வேண்டும். அவர் இல்லாமல் கதை ஒரு தலைமுறையைத் தாண்டாது. மதம் மாறிய பிரபு, தம்பி பிள்ளைகளோடு நிலத் தகராறு வந்ததும் மோபதிடமே ஓடுவார்.

அடுத்தது வரி. கவாத் தொடங்கி, மகன் முதலாம் குஸ்ரோ முடித்த நில அளவை நடந்த வரலாற்றில் இருக்கிறது. கதைக்கு அது அப்படியே உதவும். ஒரு ஜரீப் நிலம் நம் கணக்கில் ஏறக்குறைய 40 சென்ட். கோதுமை, வாற்கோதுமைக்கு ஜரீப்புக்கு 1 திர்ஹம் (வெள்ளிக் காசு), திராட்சைக்கு 8, குதிரைமசாலுக்கு 7. நல்ல ரகப் பேரீச்சை நான்கு மரத்துக்கு 1, சாதா ரகம் ஆறு மரத்துக்கு 1. தலைவரி 20 முதல் 50 வயது வரையுள்ளவர்களுக்கு வசதிக்கேற்ப 12, 8, 6, 4 திர்ஹம். இதில் முக்கியமானது விலக்குப் பட்டியல். பிரபுக்கள், போர்வீரர்கள், பூசாரிகள், எழுத்தர்கள், அரச பணியாளர்கள் ஆகியோருக்குத் தலைவரி இல்லை. மோபதை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். அவர் பக்கத்தில் ஆயரின் பெயரைச் சேர்த்தால் போதும். பெரிய குடும்பத்தின் இரண்டாவது மகன் எந்தப் பக்கம் படிக்கப் போகலாம் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்குவான். வாளை விட வேகமாக இது வேலை செய்யும்.

நாணயத்தை மாற்றக் கூடாது. கட்டுரையில் ஷாபூர் உடனே சிலுவைக் காசு அடிக்கிறார்; அது நம்பும்படி இல்லை. சாசானிய வெள்ளித் திராக்மா ஏறக்குறைய 4 கிராம் எடை, தட்டையாக, மெல்லியதாக இருக்கும். முன்பக்கம் கிரீடம் வைத்த மன்னர் முகம், பின்பக்கம் எரியும் நெருப்புப் பீடம், அதன் இரு புறமும் ஒவ்வொரு காவலர். இந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மத்திய ஆசியாவின் சோக்தியானாவிலிருந்து வளைகுடா வரை வியாபாரி காசை வாங்கினான். பிறகு பாரசீகத்தை வென்ற அரபுகள் கூட இதைத் தொடவில்லை. ஓரத்தில் பிஸ்மில்லா என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, நெருப்புப் பீடத்தை அப்படியே வைத்து 690கள் வரை அடித்தார்கள். கான்ஸ்டன்டைனும் பழைய ரோமத் தெய்வமான வெல்லாச் சூரியன் உருவத்தைக் காசில் 325வாக்கு வரை விட்டு வைத்தார். கவாதின் காசிலும் மன்னரின் கிரீடத்தில் சிறு சிலுவை ஒன்று ஏறலாம். நெருப்புக்கு இரண்டு தலைமுறை அவகாசம் வேண்டும்.

கதையின் உச்சம் 531இல், கவாத் இறக்கும்போது வர வேண்டும். அவருடைய மூத்த மகன் காவுஸ், நடந்த வரலாற்றில் மஸ்தக் கூட்டத்தாரிடம் வளர்ந்தவர். மூன்றாவது மகன் குஸ்ரோ மோபதுகளின் ஆதரவோடு அரியணையைப் பிடித்தார், காவுஸ் கிளர்ந்து தோற்றார். நம் கதையில் காவுஸ் நிசிபிஸில் படித்த கிறிஸ்தவ இளவரசர். குஸ்ரோ பழைய மதத்தை மீட்க எழுந்த ரோமானிய ஜூலியனைப் போன்றவர், அவரைவிடத் திறமைசாலி. இருவருக்கும் நடக்கும் போரில் எவர் வெல்வார் என்பதை எழுதுபவரின் துணிவுக்கே விடுகிறோம். எங்களைக் கேட்டால் ஹூணர் படை எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம். அதனால் கவாத் அவர்களுக்குத் தர வேண்டிய கடன் பாக்கி கதை முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் யோசனைக்கு எதிரான சான்றையும் சொல்ல வேண்டும். இதே கவாத்தான் 520களில் ஐபீரியா, அதாவது ஜார்ஜிய நாட்டு, கிறிஸ்தவ மன்னருக்கு ஆணையிட்டார்: செத்தவர்களை மண்ணில் புதைக்காதே, பறவைக்கும் நாய்க்கும் விடு என்று. கவாத் பக்தியால் மதம் மாறினார் என்று எழுதினால் இந்த மனிதரோடு பொருந்தாது. மதம் அவருக்கு ஆட்சிக் கருவி; ஒரு கருவி உடைந்தால் இன்னொன்றை எடுப்பார். அப்படியே எழுதுங்கள்.

ரோமும் பாரசீகமும் சகோதரர்களாகியிருக்கும் என்பதையும் ஏற்க முடியாது. குஸ்ரோவைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று கவாத் ரோமப் பேரரசர் ஜஸ்டினைக் கேட்டபோது, நாகரிகமற்றவர்களுக்கான முறைப்படிதான் தத்தெடுப்போம் என்று ரோம் அவமானப்படுத்தியது. கவாத் கிறிஸ்தவராக இருந்திருந்தாலும் ஜஸ்டினின் பார்வையில் நெஸ்தோரியஸ் பக்கத்து மதப்புரட்டர்தான். ஆர்மீனியர்கள் 484இல் நவார்சாக் உடன்படிக்கையில் தங்கள் மத உரிமையைப் போரிட்டுப் பெற்றவர்கள். அவர்களுக்கோ நெஸ்தோரியப் பெயரே ஆகாது. பழைய பாரசீகத்தில் ஆர்மீனியரின் பகை நெருப்போடு. புதிய பாரசீகத்தில் அது இரு சபைகளுக்கு இடையிலான பகையாகும். அது இன்னும் கசப்பானது.

நம் மண்ணுக்கு வருவோம். வேலூரில் கிறிஸ்தவம் என்றால் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனோடு அமெரிக்கர் கொண்டுவந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். நாம் வாழும் இதே தொண்டைமண்டலத்தின் கடலோரத்தில், பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் கல்லைப் பாருங்கள். 1547இல் தோண்டியபோது கிடைத்தது. நடுவில் சிலுவை, மேலிருந்து இறங்கும் புறா, இரு தூண்களுக்கு மேல் வளைவு, வளைவைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து. அது பாரசீகரின் எழுத்து. 550வாக்கில் எழுதிய காஸ்மாஸ் என்ற கடல் வணிகர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும் பாரசீகத்திலிருந்து அனுப்பிய குருவும் உண்டு என்கிறார். பாரசீகக் குதிரைகளுக்கு அங்கே சுங்கம் இல்லை என்றும் சொல்கிறார். இந்தியாவுக்கு ஆயர்களை அனுப்பிய பேராயம் ரேவ் அர்தஷீர். அது குருமாரை அனுப்பாமல் இழுத்தடிப்பதால் பாரசீக எல்லையிலிருந்து மலாய்க் கரையில் இருந்ததாகக் கருதப்படும் கலா வரை 1200 பர்சங்கு (பாரசீக நீள அளவு) தூரத்துக்குச் சபைகள் தவிக்கின்றன என்று ஏழாம் நூற்றாண்டில் தலைமை ஆயர் மூன்றாம் ஈசோயாபு கோபத்தோடு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது.

849இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவர் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூலம் வட்டெழுத்தில், சாட்சிகளின் கையெழுத்து அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில். பாதுகாப்புப் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுக்களுக்கு. இஸ்லாமியரும் நெருப்பு வழிபடுவோரும் யூதரும் கிறிஸ்தவர் கோயிலுக்குச் சாட்சி! இது எப்படிச் சாத்தியமானது என்றால், அந்தக் கிறிஸ்தவ வணிகர்களுக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. பாரசீக அரசன் வேறு மதம், பிறகு கலீபாவும் வேறு மதம். சேரர்களும் வேணாட்டாரும் அவர்களை வணிகர்களாக மட்டுமே பார்த்தார்கள். கவாத் வென்று பாரசீகம் கிறிஸ்தவ நாடாகியிருந்தால், கொல்லத்தில் இறங்கும் ஒவ்வொரு சுரியானிக் குருவும் ஷாவின் ஆளாகப் பார்க்கப்பட்டிருப்பார். ரோம் கிறிஸ்தவ நாடானதால் பாரசீகத்தில் சீமோன் மீது விழுந்த சந்தேகம், இங்கே நம் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் மீதும் விழுந்திருக்கும். கற்பனைக் கட்டுரை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய விளைவு இதுதான். அதில் இந்தியாவே வரவில்லை.

இதன் அடுத்த பகுதியை வெளியிடுவதாயிருந்தால், கவாத் காசு ஒன்றின் இரு பக்கங்களையும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிக் கையெழுத்துத் தகட்டையும் தெளிவான படங்களாகப் போட வேண்டுகிறோம். டெசிபோன், நிசிபிஸ், ரேவ் அர்தஷீர், கொல்லம், பரங்கிமலை ஐந்தையும் குறித்த ஒரு வரைபடமும் இருந்தால் மாணவர்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.